தோண்டும் ஊருக்கு ஒரு மந்திரம்

காலையில் எழுந்து தரையில் கால் வைப்பதற்கு முன் சொல்லும் சுலோகம் ஒன்று உண்டு.

ஸமுத்ரவஸனே தேவி பர்வதஸ்தனமண்டலே
விஷ்ணுபத்னி நமஸ்துப்யம் பாதஸ்பர்சம் க்ஷமஸ்வ மே

கடலை உடுத்தியவளே, மலைகளை மார்பாகக் கொண்ட தேவியே, திருமாலின் துணைவியே, உன்னை வணங்குகிறேன். என் கால் உன்மேல் படுவதைப் பொறுத்தருள்வாய் என்று பொருள். பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் நெருக்கமானது. ஆடத் தொடங்கும் முன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உன்னை மிதிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று முன்கூட்டியே கேட்டு வைக்கும் மரியாதை அது. ஆடி முடித்த பிறகும் ஒருமுறை வணங்குவார்கள்.

அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மாயிக்கு இந்த வடமொழிச் சுலோகம் தெரியாது. விடிந்ததும் பாயில் உட்கார்ந்தபடியே தரையைத் தொட்டு, "பூமாதேவி, பொறுத்துக்கொள் தாயே" என்பார். அவ்வளவுதான். வடித்த கஞ்சியைச் சூட்டோடு மண்ணில் ஊற்ற விடமாட்டார். பெண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளையானாலும் தரை அதிர நடந்தால் திட்டு விழும். சுலோகத்தை நான் பள்ளியில்தான் கற்றேன். கற்றபோது, இது அம்மாயி சொல்வதுதானே என்று தோன்றியது. இரண்டையும் இன்றுவரை சேர்த்தே சொல்லி வருகிறேன்.

ஆனால் சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுலோகம் போதாது என்று பல ஆண்டுகளாக எனக்கு ஒரு எண்ணம். கால் பட்டதற்குப் பொறுத்துக்கொள் என்கிறோம். கடப்பாரை பட்டதற்கு? வெடி வைத்ததற்கு? துளைபோடும் இயந்திரம் ஆயிரம் அடி இறங்கியதற்கு?

ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் வண்டியை நிறுத்திக் கீழே பாருங்கள். நகரத்துக்கு வடமேற்கே வெளுப்பாக ஒரு பரப்பு தெரியும். வெள்ளைக்கல் வெட்டிய இடம் அது. மாமாங்கம், செட்டிச்சாவடி, கருப்பூர், வெள்ளக்கல்பட்டி என்று சுற்றுவட்டாரம் முழுவதும் அதன் பெயராலும் அதன் கூலியாலும் வாழ்ந்த ஊர்கள். மேக்னசைட் என்று புத்தகத்தில் போடுவார்கள், ஊரில் வெள்ளைக்கல்தான். டுனைட் என்னும் கரும்பச்சைப் பாறைக்குள் அது வெள்ளை வெள்ளையாய்க் கிளை பிரிந்து, நரம்பு ஓடுவதுபோல் ஓடும். அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டே வெட்டிப் போவார்கள். எடுத்த கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியா மிஞ்சும். எஃகு உருக்கும் உலையின் உள்சுவருக்கு வேண்டிய தீச்செங்கல் அதிலிருந்துதான் வருகிறது. இரும்பே உருகி ஓடும் சூட்டைத் தாங்கி நிற்கும் கல். இந்தியாவின் உலைகள் பலவற்றின் உள்ளே எங்கள் ஊர் மண் இருக்கிறது என்ற பெருமை எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு.

என் தாத்தாவும் அங்கேதான் வேலை செய்தார். வெட்டிய பாறையைச் சுத்தியலால் தட்டி, ஒட்டிக்கொண்டிருக்கும் கருங்கல்லைத் தனியே உடைத்துத் தள்ளி, வெள்ளையை மட்டும் பொறுக்கிக் குவிக்கும் வேலை. பெண்களும் வரிசையாய் உட்கார்ந்து அதைச் செய்தார்கள். மாலையில் எல்லாரும் மாவு பூசியதுபோல் வெளுத்து வருவார்கள். எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் குழியால் எரிந்தது. அதனால், தோண்டுவதே பாவம் என்று எளிதாகச் சொல்லிவிட என்னால் முடியாது. அப்படிச் சொல்லும் பக்தி எனக்கு வேண்டவும் வேண்டாம். எஃகு வேண்டும், வீடு வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆனால் தோண்டியவன் மட்டும் பாவி என்பது நியாயமில்லை.

எனக்கு வேண்டியிருந்தது, கையில் கடப்பாரை வைத்திருப்பவன் சொல்லத்தக்க மந்திரம். அதர்வ வேதத்தில் அது இருக்கிறது.

பன்னிரண்டாம் காண்டத்தின் முதல் சூக்தம் பூமி சூக்தம். 63 மந்திரங்கள். அதில் ஒரே ஒரு வரி எல்லாருக்கும் தெரியும்: "மாதா பூமி: புத்ரோ அஹம் ப்ருதிவ்யா:", பூமி தாய், நான் அவள் பிள்ளை. ஜூன் 5ஆம் தேதி சுற்றுச்சூழல் நாளன்று சுவரொட்டிகளில் அதைப் பார்க்கலாம். அந்தப் பன்னிரண்டாவது மந்திரத்தின் அடுத்த வரியையாவது சேர்த்துப் போட்டிருக்கலாம்: மேகம் தந்தை, அவன் நம்மை நிறைவாக்கட்டும் என்கிறது அது. மழையை விட்டுவிட்டு மண்ணை மட்டும் தாய் என்று கொண்டாடுவது சேலம் போன்ற வறண்ட ஊரில் பாதிப் பேச்சுதான்.

நான் சொல்ல வந்தது 35ஆவது மந்திரம்.

யத்தே பூமே விகனாமி க்ஷிப்ரம் ததபி ரோஹது
மா தே மர்ம விம்ருக்வரி மா தே ஹ்ருதயமர்பிபம்

நிலமே, உன்னில் நான் எதைத் தோண்டினாலும் அது விரைவில் மீண்டும் வளரட்டும். தூய்மை செய்பவளே, உன் உயிர்நிலையை நான் குத்தாதிருப்பேனாக. உன் இதயத்தைத் துளைக்காதிருப்பேனாக.

இதை முதன்முதலில் படித்தபோது என்னை நிறுத்தியது அதன் நேர்மை. தோண்டுகிறேன் என்று சொல்பவனே ஒப்புக்கொள்கிறான். மறைக்கவில்லை. தோண்டமாட்டேன் என்று பொய்யாகச் சத்தியம் செய்யவும் இல்லை. இதே சூக்தத்தின் 44ஆவது மந்திரம், குகைகளில் பலவிதச் செல்வத்தை மறைத்து வைத்திருக்கும் பூமி எனக்கு மணியும் பொன்னும் தரட்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிறது. பழுப்பும் கருப்பும் சிவப்புமான பல நிறத்து நிலத்தைப் பாடுகிறது 11ஆவது. பாறை, மண், கல், புழுதி என்று அடுக்கிச் சொல்லி, பொன்மார்பு கொண்ட அந்தப் பூமிக்கு வணக்கம் என்கிறது 26ஆவது. கனிமத்தை அறிந்தவர்கள், அதை விரும்பியவர்கள் பாடிய பாட்டு. அவர்களே 35ஆவது மந்திரத்தில் தங்களுக்கு இரண்டு எல்லைகளை வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று, எடுத்தது மீண்டும் வளர வேண்டும். இன்னொன்று, சில இடங்களைத் தொடவே கூடாது.

காலைச் சுலோகம் பொறுத்துக்கொள் என்று கேட்கிறது. பொறுப்பது அவள் வேலை. இந்த மந்திரத்தில் வேலை முழுவதும் தோண்டுபவன் தலையில். அதனால்தான் சேலத்துக்கு இது ஏற்றது என்கிறேன். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்று வள்ளுவர் நிலத்தின் பொறுமையைச் சொன்னது நமக்கு மனப்பாடம். அந்தக் குறள் நாம் நிலத்தைப் போலப் பொறுமையாய் இருக்கக் கற்றுக்கொடுக்கிறது. நிலம் பொறுக்கிறதே என்று இன்னும் ஆழமாகத் தோண்டுவதற்கு அதில் அனுமதி எதுவும் இல்லை.

எடுத்தது மீண்டும் வளர வேண்டும் என்பதற்கு வேதத்துக்குள்ளே போய்த் தேட வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து மரவள்ளிக் காட்டுக்குப் போனால் போதும். கிழங்கு தோண்டும் நாளிலேயே செடியின் தண்டை ஒதுக்கி வைப்பார்கள். அதைக் குச்சியாக நறுக்கி நட்டால் அடுத்த பயிர். நிலத்தைக் கிளறி எடுத்தது நிலத்துக்கே திரும்புகிறது. சேலத்து ஜவ்வரிசி முழுவதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. உழவன் செய்யும் ஒவ்வொரு தோண்டலும் ஒரு முளைப்பில் முடிகிறது.

கோயிலும் இதையே சடங்காக்கி வைத்திருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. குடமுழுக்கோ பெருந்திருவிழாவோ தொடங்கும் முன் மிருத்சங்கிரகணம் என்று அழைப்பிதழில் அச்சடித்திருப்பார்கள். மண் எடுத்தல். தூய்மையான ஓர் இடத்துக்குப் போய், பூமிதேவியைப் பூசித்து, அவளிடம் கேட்டு, சிறிதளவு மண்ணை வெட்டி மேளதாளத்தோடு கொண்டு வருவார்கள். அந்த மண்ணைப் பாலிகை என்னும் சடங்குக் கிண்ணங்களில் நிரப்பி நவதானியம் விதைப்பது அங்குரார்ப்பணம். சில நாளில் முளை எழும்பும். வெட்டி எடுத்த மண் பச்சை விட்ட பிறகே திருவிழா நிறைவு பெறும். மந்திரம் கேட்டதைக் கைவேலையாகச் செய்து காட்டுகிற சடங்கு இது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் பெண்கள் தலையில் சுமந்து வரும் முளைப்பாரியும் அதே உறவுதான். அதற்கு யாரும் வேதம் படித்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்கல்லுக்கு முளை கிடையாது. அது உருவான காலத்தோடு ஒப்பிட்டால் மனிதர் வாழ்நாள் கண்ணிமைப்பு. எடுத்த கல் திரும்பாது என்பது உறுதி. அப்படியானால் அங்கே எது "மீண்டும் வளரட்டும்"? கல்லுக்கு மேல் இருந்தது. புல், முட்செடி, வேம்பு, அவற்றைத் தாங்கிய ஒரு சாண் மேல்மண். இந்த மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியே சேமித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப வேண்டும் என்று நம் நாட்டுக் கனிம விதிகளே சொல்கின்றன. 2003ஆம் ஆண்டிலிருந்து சுரங்கத்தை எப்படி மூடப் போகிறோம் என்ற திட்டமும் கட்டாயம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், சுரங்க வேலை முடிந்த நிலத்தில் குத்தகைதாரர் மீண்டும் புல் வளர்த்துத் தர வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மாடு மேயவும் சிற்றுயிர்கள் வாழவும் அந்த இடம் தகுதி பெற வேண்டும் என்பது நோக்கம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது "க்ஷிப்ரம் ததபி ரோஹது" தான். சட்டம் இவ்வளவு காலம் கழித்து, மந்திரத்தின் முதல் வரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "க்ஷிப்ரம்" என்ற சொல்லையும் அது மறந்துவிடக் கூடாது. விரைவில் என்றால் தோண்டியவரின் காலத்துக்குள்.

இரண்டாவது எல்லை இன்னும் கடினமானது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உச்சி ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரம். அங்கே தாழ்வான குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்து மலையாளி மக்கள் திரள்வார்கள். தமிழே பேசும் பழங்குடிகள் அவர்கள். இந்த மலையே அவர்களுக்குச் சாமி. கோயிலைச் சுற்றிய மேட்டு நிலத்தில் நின்று காலடியைப் பார்த்தால் செம்மண்ணும் துளைத்துளையான செந்நிறக் கல்லும் தெரியும். மலையின் கரும்பாறையை நெடுங்காலம் மழை அரித்து அரித்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்துபோய், மிஞ்சிய தொப்பி அது. அதில்தான் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் 1965இல் தொடங்கிய அலுமினிய ஆலைக்காக ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அதை வெட்டினார்கள்.

அந்தச் செந்தொப்பி மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் சுனைகளுக்கும் ஓடைகளுக்கும் மெல்ல விடும். சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர்ப் பக்கம் ஓடும் சரபங்காவும் பிறப்பது சேர்வராயன் மலையில். இவ்விரண்டும் காவிரிக்குப் போகிறவை. உச்சியில் காவேரி அம்மனை வைத்து வணங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன். உயிர்நிலை என்று மந்திரம் சொல்வதை என்னிடம் விரல் நீட்டிக் காட்டச் சொன்னால் அந்த உச்சியைத்தான் காட்டுவேன். கீழே வெள்ளைக்கல் வெட்டுவதும் மேலே பாக்சைட் வெட்டுவதும் அளவில் ஒத்திருந்தாலும் ஒன்றாகாது. கீழே வெட்டினால் அந்த இடம் போகிறது. மேலே வெட்டினால் அடிவாரம் முழுவதற்கும் வரும் நீர் போகிறது.

சேலத்தை ஒட்டிய கஞ்சமலையின் கதை இதற்கு எதிர்ப்புறம். அந்த மலைக்குள் இரும்புத்தாது இருப்பது ஊரறிந்த செய்தி. சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டியபோது அந்தத் தாதுதான் பேச்சாக இருந்தது. கடைசியில் 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது, வெளியிலிருந்து வரும் துருப்பிடிக்காத எஃகை மெல்லிய தகடாக உருட்டும் ஆலை. அந்த ஆலையிடமிருந்து மலை தப்பித்தது. அமாவாசைதோறும் அடிவாரத்துச் சித்தர் கோயிலில் கூட்டம் அலைமோதுகிறது; மூலிகை உண்டு, சுனை உண்டு, சித்தர்கள் உலவுகிறார்கள் என்று வருகிறவர்கள் உருகிச் சொல்கிறார்கள். மலையை யாராவது வெட்ட வந்தால் இந்த அமாவாசைக் கூட்டமே முதலில் எழுந்து நிற்கும் என்பது என் எண்ணம். இதுவும் ஒரு மந்திரத்தின் வேலைதான்.

பெரிய சுரங்கங்களை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நமக்கு வசதியாகப் போய்விடும். இன்று சேலத்தில் மிக ஆழமாகத் தோண்டுவது வீடு கட்டுகிற நாம்.

ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து ஊரான திருச்செங்கோட்டுப் போர்வண்டிகள் நாடு முழுவதும் பேர் பெற்றவை. அப்படி ஒரு வண்டி இருட்டுகிற நேரத்துக்கு வந்து தெருவை அடைத்து நிற்கும். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, அது நிமிர்ந்த இடத்தில் சுண்ணாம்புக் குறி போட்டிருப்பார். அங்கே மஞ்சள், குங்குமம், எலுமிச்சை, சூடம். ஒரு தேங்காய் உடையும். "தண்ணீர் வரட்டும் தாயே" என்று வீட்டுக்கார அம்மா கும்பிடுவார். பிறகு காது கிழியும் இரைச்சல். முதலில் மண், பிறகு கல்மாவு, கருங்கல் மாவு, வெள்ளை மாவு. அடி எண்ணிக்கை ஏற ஏறப் பணமும் ஏறும். எண்ணூறு, ஆயிரம் என்று போய்க்கொண்டே இருக்கும். புழுதி மட்டும் வந்தால் நடு இரவில் அந்த வீட்டின் முன் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். என் சொந்தக்காரர் வீட்டில் அப்படி ஆனபோது அடுத்த வாரமே பத்தடி தள்ளி இன்னொரு துளை போட்டார்கள்.

எங்கள் ஊர் கடினப் பாறை ஊர். மணலில் தேங்குவதுபோல் இங்கே நீர் தேங்காது. பாறை வெடிப்புகளில்தான் நிற்கும். மேலே உள்ள வெடிப்புகளில் மழைநீர் ஆண்டுதோறும் வந்து சேரும். மிக ஆழத்தில் இருப்பது நெடுங்காலமாய்ச் சேர்ந்தது. எடுத்தால் எளிதில் திரும்பாது. மேல் நீர் வளர்வது, அடி நீர் வளராதது. மரவள்ளிக்கும் வெள்ளைக்கல்லுக்கும் உள்ள அதே வேறுபாடு ஒரே குழாய்க்குள் இருக்கிறது. அந்தச் சூடத்துக்கு முன்னால் நாம் கேட்பதோ தண்ணீர் மட்டும். திருப்பித் தருவேன் என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய வாசகம் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆயத்தமாகக் காத்திருக்கிறது.

வேத மந்திரத்தை உபதேசம் இல்லாமல், சுரம் தெரியாமல் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மரபை மதிக்கிறேன். சுரத்தோடு சொல்லக் கற்றவர் சொல்லட்டும். மற்றவர்கள் தமிழில் சொல்லுங்கள். பாறை வெடிப்புக்குள் போகும் துளைக்கு முன்னால் நின்று, "உன் உயிர்நிலையில் குத்த மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு இன்னும் இருநூறு அடி என்று ஓட்டுநரிடம் சொல்வது கடினமாக இருக்கும். அந்தக் கடினத்துக்காகவே இந்த மந்திரம் வேண்டும் என்கிறேன்.

வரும் தை மாதத்தில் பூமி பூஜைக்கு நாள் குறித்திருப்பவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது: பூஜைக்கு வரும் ஐயரிடமோ குருக்களிடமோ, பூமி சூக்தத்திலிருந்து 35ஆவது மந்திரத்தைச் சேர்த்துச் சொல்ல முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூஜையில் அப்படிக் கேட்டோம். அவர் மகிழ்ந்து சொன்னதோடு, கூடியிருந்தவர்களுக்குப் பொருளும் விளக்கினார். அன்றே பொக்லைன் ஓட்டுநரைக் கூப்பிட்டு, முதலில் வழிக்கும் மேல்மண்ணைக் கடைக்கால் மண்ணோடு கலக்காமல் ஓர் ஓரமாகக் குவிக்கச் சொல்லிவிடுங்கள். வீடு முடிந்த பின் மரம் நட அதுதான் வேண்டும். லாரி மண்ணை விலைக்கு வாங்க வேண்டியிருக்காது. போர் போடுவதாக இருந்தால், அதே கூலியாட்களைக் கொண்டு, போருக்குப் பக்கத்திலேயே மொட்டைமாடி நீர் இறங்கும் குழியையும் வெட்டிவிடுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டால் சுற்றுச்சுவர் எழும்பிவிடும், வண்டி உள்ளே வராது.